பாதி வண்டியில் பின்பாதி எங்கே?

"ஐயா, வண்டி படுத்துக்கிச்சி. பின்னாடி உருண்டையா இருக்குமே, அது போயிடுச்சாம். ஒண்ணு வாங்கிப் போட்டேன். அதுவும் சரியில்லே. காசும் போச்சி, வண்டியும் நிக்குது."

காப்பார் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் நம்மிடம் வந்து சொன்ன வார்த்தைகள் இவை. வேலை முடிந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி செய்து கொடுத்து விட்டார். இப்போது தாமானில் வாடகை வீடு. சேமநிதியில் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றை வாங்கினார். டீசல் வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். சேற்றுப் பாதையில் போய்த் தேங்காய், வாழைத்தார், மரவள்ளி என்று ஏற்றிக் கொண்டு கிள்ளான் சந்தைக்கு வருவார். அந்த வண்டி ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். மகளின் கல்லூரிக் கட்டணமும் அதில்தான் இருக்கிறது.

"பழைய வண்டிதானே, இரும்புக் கடைக்குப் போட்டு விடுங்கள்" என்று சொல்வது சுலபம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 2025-ஆம் ஆண்டில்தான் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குப் புது பிக்கப்பின் விலை எட்டாக் கனி என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பழைய வண்டியை வைத்துப் பிழைக்கும் தோட்டக் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆகையால் இந்த வாரம் அந்தத் தோழருடன் நாம் அலைந்த கதையையும், அதில் கற்றுக் கொண்டதையும் எழுதுகிறோம்.

அந்த உருண்டை என்ன செய்கிறது?

பிக்கப்பின் பின்னால் குனிந்து பார்த்தால், இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் அச்சின் நடுவே குடம் போல் ஒன்று தெரியும். அதற்குள் இருப்பதுதான் டிப்ரன்ஷியல். எஞ்சினிலிருந்து நீண்ட ஷாப்ட் வழியாக வரும் சுழற்சியை அதுதான் சக்கரங்களுக்குத் திருப்பி விடுகிறது.

மாட்டு வண்டிக்கு இது தேவையில்லை. மாடுதான் இழுக்கிறது, சக்கரங்கள் தம் பாட்டுக்குத் தனித்தனியே உருளுகின்றன. மோட்டார் வண்டியில் சக்கரமே தள்ள வேண்டும். அதே சமயம் முனை திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இரும்பில் இறுகக் கட்டி விட்டால் டயர் தேயும், அச்சு முறியும். இரண்டுக்கும் சக்தி கொடுத்து, வேகத்தை மட்டும் வித்தியாசப்படுத்தும் பல்சக்கர ஏற்பாட்டை 1820-களில் பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளி பெக்கர் என்பவர் பதிவு செய்தார். இன்றைக்கு நம் பிக்கப்பில் ஓடுவதும் அதே தத்துவம்தான்.

குடத்துக்குள் பெரிய வட்டச் சக்கரம் ஒன்று உண்டு. அது கிரவுன். அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன். இந்த இரண்டின் பல் கணக்கில்தான் நம் தோழர் ஏமாந்து போனார்.

வெள்ளம் விட்டுப் போன வியாதி

"எப்படி ஐயா கெட்டுப் போச்சி?" என்று கேட்டோம். முதலில் அவருக்கே தெரியவில்லை. பேச்சுக் கொடுத்தபோது விஷயம் வெளியே வந்தது. 2021 டிசம்பரில் கிள்ளானையும் ஷா ஆலாமையும் மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி உதவிக்குக் காத்திருந்த நாட்கள் அவை. அன்று இந்த வண்டியும் அச்சுக்கு மேல் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் எஞ்சின் எண்ணெயை மாற்றினார். பின் அச்சுக்குள்ளும் எண்ணெய் இருக்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அச்சின் மேல் காற்று போக ஒரு சின்னக் குழாய் இருக்கும். சூடான அச்சு தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்தக் குழாய் வழியாகவும், பழைய சீல் வழியாகவும் தண்ணீரை அது உறிஞ்சிக் கொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் கலந்தால் தே தாரிக் மாதிரி வெளுத்து விடும். அந்தக் கலவையில் பேரிங் துருப்பிடிக்கும். துரு பல்லைத் தின்னும். இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் ஊளைச் சத்தம் கேட்கும்.

ஆகவே தண்ணீரில் நின்ற வண்டி எதுவானாலும் பின் அச்சு எண்ணெயை உடனே மாற்றுங்கள். ஒரு சங்கதியை மறக்க வேண்டாம்: எண்ணெய் ஊற்றும் மேல் துளையின் மூடியை முதலில் கழற்றிப் பாருங்கள். அது கழன்ற பிறகே கீழ் மூடியைத் திறக்க வேண்டும். கீழே வடித்து விட்டு, மேல் மூடி துருவேறித் திறக்காமல் போனால் எண்ணெய் ஊற்ற வழியில்லாமல் வண்டி நின்று விடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

பின்னால் சத்தம் வந்தாலே "டிப்ரன்ஷியல் போச்சி" என்று முடிவு கட்டி விடக் கூடாது. எண்ணெய்க் காலை அழுத்தும்போது ஒரு விதமாகவும், விடும்போது வேறு விதமாகவும் ஊளையிட்டால் டிப்ரன்ஷியல் மேல் சந்தேகப்படலாம். வளைவில் இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் மாறினால் சக்கர பேரிங்காக இருக்கலாம். கியர் போட்டதும் 'டங்' என்று அடித்து, ஓடும்போது உதறினால் ஷாப்ட்டின் மூட்டைப் பாருங்கள். பேரிங்கும் மூட்டும் சின்னச் செலவோடு போகிற காரியம். அதற்குப் போய் முழு டிப்ரன்ஷியலை மாற்றி விட்டு, பிறகும் சத்தம் நிற்காமல் தவித்தவர்கள் உண்டு.

எண்ணெயை வடித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. மூடியின் காந்தத்தில் மையாகச் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். துண்டு துண்டாக இரும்பு வந்தால்தான் ஆபத்து. நம் தோழரின் வண்டியில் அப்படித்தான் பல்லே உடைந்து வந்திருந்தது.

பாதி வண்டியின் கதை

இனி சாமானை எங்கே தேடுவது? நம் வட்டாரத்தில் பழைய சாமான் என்றால் எல்லாரும் சொல்வது 'ஹாப் கட்' கடை. கிள்ளானில் மேரு சாலை, காப்பார் சாலை, கோலாலம்பூரில் சிகாம்புட், ஜிஞ்சாங் என்று பல இடங்களில் வெட்டிய வண்டிகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஜப்பானில் புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. பழைய வண்டிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாமல் பலர் விற்று விடுகிறார்கள். அங்கும் நம்மைப் போலவே வலப்பக்க ஸ்டீயரிங். ஆனால் முழு வண்டியாக இங்கே கொண்டு வர அனுமதிச் சீட்டு வேண்டும். ஆகையால் நடுவே வெட்டி, சாமானாக இறக்குகிறார்கள். பழைய சாமான் இறக்குமதியை 2011 ஜூன் முதல் நிறுத்தப் போவதாக 2009-இல் அரசாங்கம் அறிவித்ததும், வியாபாரிகளின் எதிர்ப்புக்குப் பிறகு அது சொன்னபடி நடக்காமல் போனதும் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

இதில் நாம் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. வெட்டி வருவது பெரும்பாலும் முன்பாதி. எஞ்சின், கியர்பாக்ஸ், விளக்கு, பானெட் என்று விலை போகிற சாமான் அங்கேதான் இருக்கிறது. பின்பாதிக்கு மவுசு குறைவு. கப்பலில் இடம்தான் வீண். அதனால் எஞ்சின் கேட்டால் பத்துக் கடையில் கிடைக்கும். பின் அச்சு கேட்டால் பத்துக் கடையிலும் கையை விரிப்பார்கள். இரண்டு நாள் நாம் ஏறி இறங்கியபோது கேட்ட பதில் இதுதான்: "முன்னாடி இருக்கு, பின்னாடி இல்லே."

பின் அச்சுக்கு நாம் போக வேண்டிய இடம், இந்த நாட்டிலேயே ஓடி, மோதி, கழிக்கப்பட்ட பிக்கப்புகளைப் பிரித்து விற்கும் கடை. இது தெரியாமல் இரண்டு நாள் எண்ணெய்க் காசு வீணானது.

"முன்னாடி இன்னொண்ணு இருக்கே!"

நம் தோழர் முதலில் ஏமாந்தது எப்படி? ஒரு கடையில் "ஹைலக்ஸ்தானே? எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி ஒரு டிப்ரன்ஷியலைக் கொடுத்தார்கள். உடைந்து போன பழையதைக் கடையிலேயே விட்டு விட்டு வந்தார். பட்டறையில் பொருத்தினார்கள். தார்ச் சாலையில் வண்டி நன்றாகவே ஓடியது. மறுநாள் தோப்புக்குள் போய் நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் வண்டி முனகியது. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. சாலைக்கு ஏறும்போது உதைத்துக் கொண்டு நின்றது. முன் அச்சின் பல் கணக்கு ஒன்று, பின் அச்சின் கணக்கு வேறு! வேறு வேறு நடையுள்ள இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டியது போல் ஆகி விட்டது. கடைக்குப் போனால், "வித்தது வித்ததுதான்" என்றார்கள். ரசீது இல்லை. பழைய சாமானும் அங்கே இல்லை. இரும்போடு இரும்பாகப் போய் விட்டது.

அப்படியானால் சரியான கணக்கு என்ன என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? நமக்கும் புரியவில்லை. கோமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனோம். அங்கே நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை பார்த்தவர். ரயில்வே குடும்பங்கள் நிறைந்திருந்த அந்தக் காலத்து பிரிக்பீல்ட்ஸ் இன்று இல்லை. ரயில் பெட்டிகள் நின்ற இடத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் எழுந்து விட்டது. ஆனால் பெரியவரின் மூளை இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது.

கதையைக் கேட்டுச் சிரித்தார். "பின்னாடி உள்ளதைத் தொலைச்சிட்டீங்க, சரி. முன்னாடி இன்னொண்ணு இருக்கே! அதைக் கேளுங்க தம்பி, அது பொய் சொல்லாது" என்றார்.

நான்கு சக்கர வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதமாக இருந்தாக வேண்டும். ஆகவே முன் அச்சை எண்ணினால் பின் அச்சின் கணக்கு தெரிந்து விடும். அவர் சொல்லிக் கொடுத்தது இது:

வண்டியைச் சம தரையில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில், இழுவை இரண்டு சக்கரத்தில் இருக்கட்டும். முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜெக் வைத்துத் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். சக்கரத்தின் நடுவே பூட்டு இருந்தால் இரண்டு பக்கமும் பூட்டி விடுங்கள். சக்கரத்திலும் முன் ஷாப்ட்டிலும் சாக்பீசால் ஒரு கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தை ஒருவர் 20 சுற்று சுற்ற, இன்னொருவர் பக்கத்தில் இருந்து ஷாப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணட்டும். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால், சக்கரம் 20 சுற்றினால் கிரவுன் 10 சுற்றுத்தான் சுற்றும். ஷாப்ட் 41 சுற்று வந்தால் விகிதம் 4.1. நாற்பத்தைந்தரை வந்தால் ஏறக்குறைய 4.55, அதாவது கிரவுனில் 41 பல், பினியனில் 9 பல்.

பின் அச்சை இப்படி எண்ணுவதானால் கட்டையை முன் சக்கரங்களுக்கு வைத்து, கை பிரேக்கை விட்டு விட வேண்டும். எதுவானாலும் ஜெக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது. உயிர் போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

தோழரின் வீட்டு வாசலில் எண்ணினோம். மகள் எண்ணினாள். நாற்பத்தைந்தரை! கடைக்காரர் கொடுத்ததை எண்ணினோம். 41! குட்டு வெளிப்பட்டது.

"இம்புட்டு வித்தியாசத்துக்கா இந்தப் பாடு?" என்று தோழர் கேட்டார். வித்தியாசம் நூற்றுக்கு 11. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது வண்டி திணறும். வேக மீட்டரும் ஏமாற்றும். அது ஷாப்ட் சுற்றுவதை வைத்துத்தான் கணக்குச் சொல்கிறது. ஆகவே இந்த வண்டியில் மீட்டர் 90 காட்டும்போது உண்மையில் 100-இல் போய்க் கொண்டிருப்பார்.

சில வண்டிகளில் எஞ்சின் அறையில் உள்ள தகட்டிலேயே அச்சின் குறியீடு இருக்கும். டொயோட்டாவில் முதல் எழுத்து கிரவுனின் அளவையும், அடுத்த இரண்டு இலக்கம் விகிதத்தையும் குறிக்கும். தகடு நல்லபடி இருந்தால் எழுதிக் கொண்டு கடைக்குப் போங்கள். துருவேறிப் படிக்க முடியாமல் இருந்தால் எண்ணுவதுதான் வழி.

கடையில் பார்க்க வேண்டியவை

மூன்றாம் நாள் கிடைத்தது. எங்கே தெரியுமா? தோழரின் வீட்டிலிருந்து ஆறு கட்டை தூரத்தில், காப்பார் சாலையை ஒட்டிய ஒரு கடையில்! அந்தச் சீனத் தவுக்கே தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவராம்; நம்மை விட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசுகிறார். "எண்ணிப் பாரு அண்ணே, அப்பறம் காசு குடு" என்று குடத்தைக் கவிழ்த்து வைத்தார். அங்கே பட்டறைத் தம்பி பார்த்தவற்றை அப்படியே தருகிறோம்:

1. கிரவுன், பினியன் இரண்டின் பல்லையும் எண்ண வேண்டும். அச்சுத் தண்டு நுழையும் இடத்தில் உள்ள வரிப்பற்களும் நம் வண்டியோடு ஒத்துப் போக வேண்டும்.

2. பல்லில் உடைசல், பள்ளம், துரு இருக்கக் கூடாது. நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் இல்லாமல் சூடேறி ஓடியது என்று அர்த்தம். வெளுத்த எண்ணெய் ஒட்டியிருந்தால் அதுவும் வெள்ளத்தில் நின்ற சாமான்தான்.

3. பினியனைக் கையால் அசைத்தால் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். மேலும் கீழும் ஆடினால் பேரிங் போய் விட்டது.

4. உள்ளே உள்ள சின்னப் பல்சக்கரங்களை யாராவது வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சேற்று ஓட்டப் பந்தயத்துக்காக அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. சாலையில் ஓட்டினால் வளைவில் டயர் கதறும்.

5. ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொரு வண்டியின் பினியனையும் சேர்க்கவே கூடாது. அவை ஒன்றோடொன்று இழைத்துச் சேர்த்த ஜோடி. பிரித்து மாற்றினால் இடைவெளியை அளவுக் கருவி வைத்துச் சரி செய்ய வேண்டும். ஆகவே குடத்துக்குள் உள்ளதை மொத்தமாக ஒரே சாமானாக மாற்றுவதே நமக்கு நல்லது.

6. புதியது பொருந்தி, ஓடி, நிச்சயமாகும் வரை பழையதைக் கையை விட்டு விடாதீர்கள்.

ஒரு துண்டுக் காகிதம்

தவுக்கேயிடம் ரசீது கேட்டோம். முகம் சுளிக்காமல் எழுதினார். வண்டியின் ரகம், "41/9", ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாக ஒரு வரி, கடை முத்திரை. முதல் கடையில் இந்தக் காகிதம் இருந்திருந்தால் தோழரின் காசு போயிருக்காது.

ரசீது இன்னொரு விதத்திலும் நம்மைக் காக்கும். வண்டி கிராண்டில் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் இருக்கின்றன. டிப்ரன்ஷியலுக்கு அப்படிப் பதிவு இல்லை. திருட்டு வண்டியின் சாமான் நம் தலையில் கட்டப்பட்டால் தெரியாது. திருட்டுப் பொருளை அறிந்தே வாங்குவது குற்றவியல் சட்டம் 411-ஆவது பிரிவின்படி குற்றம். "யாரிடம் வாங்கினாய்?" என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டாமா?

குடும்ப உபயோகத்துக்கு வாங்கிய பொருளில் ஏமாற்றப்பட்டவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வியாபாரத்துக்கு ஓட்டும் வண்டி என்றால் மன்றம் ஏற்குமா என்பதை முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள். எப்படியானாலும் அவர்கள் முதலில் கேட்பது ரசீதைத்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை

வண்டி இப்போது ஓடுகிறது. சென்ற சனிக்கிழமை தோழர் தேங்காய் ஏற்றிக் கொண்டு கிள்ளானுக்கு வந்தபோது நம்மையும் ஏற்றிக் கொண்டார். சேற்றில் நான்கு சக்கரமும் ஒன்று போல் இழுத்தன. சத்தம் இல்லை. "இந்தக் கணக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு மாசம் சும்மா உக்காந்திருக்க மாட்டேன் ஐயா" என்றார்.

அது தெரிந்தவர்கள் நம்மிடையேதான் இருக்கிறார்கள். தோட்டப் பட்டறைகளில் பிட்டராக, டிரைவராக, லோரிக் கிளீனராக உழைத்த பெரியவர்கள் எத்தனை பேர்! தோட்டம் துண்டாடப்பட்டு ஆளுக்கொரு தாமானில் சிதறிய பிறகு அவர்கள் அறிவை யாரும் கேட்பதில்லை. பணம் கொடுத்து ஏமாறுவதற்கு முன், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரியவர்களே, நீங்களும் பிள்ளைகளை அழைத்துச் சொல்லிக் கொடுங்கள். அன்று வாசலில் நாற்பத்தைந்தரை என்று எண்ணிச் சொன்னது அந்தக் கல்லூரிப் பெண்தான். இனி அவள் வீட்டை யாரும் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி ஏமாற்ற முடியாது.